சரியக்காவின் சம்மதம்

எங்கள் தெருவில் லாண்டரிக்காரம்மாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சரியக்கா என்றுதான் சொல்வோம். அந்தப் பட்டத்தை வைத்தவன் நான்தான் என்று அவள் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கலாம். அவள் கடைக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை போட்டு ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவன் நான். என் காதில் விழுந்த 'சரி' எத்தனை என்று எண்ண ஆரம்பித்தால் ஆயுசு போதாது.

எதிராளி பேசும்போது நடுவில் 'சரி' போடாமல் அவளுக்குக் கேட்கத் தெரியாது. "அக்கா, நேத்து குடுத்த பேண்ட்டு..." "சரி." "முட்டிக்கிட்ட ஒரு கறை..." "சரி." "போகவே இல்லை..." "சரி, சரி, அப்புறம்?" இப்படித்தான். ஒருமுறை ஓர் ஆள் தன் சட்டை தொலைந்துவிட்டது என்று வந்து அரை மணி நேரம் கத்தினார். இவள் வரிக்கு வரி சரி போட்டாள். புதுச் சட்டை வாங்கித் தர ஒத்துக்கொண்டாள் என்று நினைத்து அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். மறுநாள் வந்து கேட்டதற்கு, "நீங்க சொன்னதைக் கேட்டேங்க. வாங்கித் தர்றேன்னு எப்போ சொன்னேன்?" என்றாள். சட்டை அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது என்பது வேறு விஷயம்.

மனிதர்களுக்குள் இதெல்லாம் சிரிப்போடு போய்விடும். அந்த ஆள் இன்றைக்கும் அவளிடம்தான் துணி போடுகிறார்.

இப்போது மிஷின் கதைக்கு வருகிறேன். அக்காவின் நாத்தனார் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. வாய் நீளம், கையும் சுறுசுறுப்பு. ஆபரேஷன் அறையில் விரிக்கிற பச்சைத் துணிகளை வெளுக்கிற வேலையைத் தலைமை நர்ஸிடம் கெஞ்சிக் கூத்தாடி அண்ணன் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். தலைமை நர்ஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கொதிக்கிற சூட்டில் அலச வேண்டும், சொன்ன நேரத்துக்குத் துணி வர வேண்டும், ஒரு நாள் தவறினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். (ஒரே நிபந்தனை என்றுதான் அவர் சொன்னார். எண்ணிப் பார்த்தால் மூன்று வருகிறது.) அதற்காக வாங்கியதுதான் அந்தப் பெரிய மிஷின். வட்டக் கண்ணாடிக் கதவு, நெற்றியில் ஒரு திரை. காலையில் பொத்தானைத் தட்டினால், "வணக்கம், நான் தயார்" என்று பேசும். முதல் நாள் அக்கா வீட்டுக்காரர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பதிலுக்குக் கும்பிட்டுவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி நாத்தனார் ஒரு மாசம் சிரித்தாள்.

எனக்கு அந்த மிஷினை முதல் நாளே பிடிக்கவில்லை. காரணம், என் கடையில் அதன் பங்காளி ஒன்று இருக்கிறது. பிரிண்டர். அந்தக் கம்பெனி மையைத் தவிர வேறு மை போட்டால், 'இது அசல் அல்ல' என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும். நான் வாங்கின மிஷின், நான் வாங்கின மை, என் வீட்டுக் கரன்ட். நடுவில் நாட்டாமை பண்ண இவன் யார்? பேச ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. விடுங்கள்.

அன்றைக்குப் புதன்கிழமை. காலையில் என் சட்டையை வாங்கிக்கொள்ள எதிர்ப்பக்கம் போனேன். முன்னறையில் அண்ணன் இஸ்திரி மேசையருகே நின்றுகொண்டிருந்தார். அக்கா பின்கட்டில் இருந்தாள். முப்பத்தாறு பச்சைத் துணி. இரத்தக் கறைக்கு எடுத்த எடுப்பில் சுடுதண்ணீர் காட்டக் கூடாது, காட்டினால் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, விடிந்ததும் ஒவ்வொன்றாகக் கையால் தேய்த்துக் கறையை எடுத்துவிட்டு, அப்புறம்தான் மிஷினில் போடுவாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. அப்போதுதான் துணியைப் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள். மிஷின் தண்ணீர் பிடித்துச் சூடேற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும். மறுநாள் காலையில் இரண்டு ஆபரேஷன் குறித்திருக்கிறார்கள், இருக்கிற மற்ற துணியெல்லாம் அழுக்கில் கிடக்கிறது என்று நாத்தனார் சொல்லி அனுப்பியிருந்தாள்.

போன் அடித்தது. கை ஈரம், அதனால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம். தங்கள் சலவை இயந்திரம் பற்றிய முக்கியத் தகவல். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்றது ஒரு பெண் குரல். வெல்லப் பாகு மாதிரி இருந்தது.

"சரி" என்றாள் அக்கா.

"புதிய மென்பொருளை இப்போதே நிறுவ விரும்புகிறோம்."

"சரி... சொல்லுங்க."

"தங்கள் பராமரிப்புத் திட்டம் சுயசேவைத் திட்டமாக மாற்றப்படும்."

"சரி, சரி..."

"நன்றி. இந்த நாள் இனிய நாளாகட்டும்." வைத்துவிட்டது.

"யாருக்கா?" என்றேன்.

"மிஷின் கம்பெனிப் பொண்ணு தம்பி. என்ன மரியாதையாப் பேசுது பாரு. ஆனா விஷயத்தைச் சொல்றதுக்குள்ள வச்சிருச்சு."

நான் சட்டையோடு என் கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பேன், ஒரு கல்யாணப் பத்திரிகை நகல் எடுத்திருப்பேன், அவ்வளவுதான். எதிரே அண்ணன் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். போனால் மிஷின் நின்றிருக்கிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. 'நான் புதுப்பிக்கப்படுகிறேன். காத்திருக்கவும்.' கண்ணாடிக்கு உள்ளே பாதித் தண்ணீரில் பச்சைத் துணி சுருண்டு கிடக்கிறது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வட்டம் நின்று, வேறு எழுத்து வந்தது. 'புதுப்பிப்பு நிறைவுறவில்லை. சேவை மையத்தை அணுகவும்.' கதவு திறக்கவில்லை. கரன்ட்டை நிறுத்திப் பார்த்தார் அண்ணன். பழைய மிஷினாக இருந்தால் நிறுத்தினதும் கதவு விட்டுவிடும். இது விடவில்லை. அடியில் இருக்கிற சின்னக் குழாயைத் திறந்து தண்ணீரை மட்டும் வாளி வாளியாக வடித்தார். சுடுசோப்புத் தண்ணீர் ஆறிப்போய்ச் சாம்பல் நிறத்தில் வந்தது.

"உளியைக் குடுத்து நெம்பிரட்டுமா?" என்று அவரே கேட்டார், அவரே நிறுத்தினார். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. 'இதைச் சேதப்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது.' அண்ணன் ஒரு காலத்தில் பெரிய ஓட்டலில் பாய்லர் பார்த்தவர். ஆள் உயர பாய்லருக்கு அசராத மனுஷன், கட்டைவிரல் அகலக் காகிதத்துக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா போன் போட்டாள். ஒன்றை அழுத்தவும், நான்கை அழுத்தவும், மீண்டும் ஒன்றை அழுத்தவும். அப்புறம் பாட்டு. அது பாட்டுக்கூட இல்லை, டிங் டிங் என்று ஒரு சத்தம், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். நடுவில் அந்த வெல்லப் பாகு, 'தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்னும். முக்கியம் என்றால் எடுத்துத் தொலையேன்! நாற்பது நிமிஷம் கழித்து ஒரு பையன் லைனில் வந்தான்.

"மேடம், நீங்க சுயசேவைத் திட்டத்துல இருக்கீங்க. ஆள் வர ஆறு வேலை நாள் ஆகும்."

"தம்பி, உள்ள ஆஸ்பத்திரித் துணி இருக்கு. சாயங்காலம் குடுக்கணும். நாங்க அன்னன்னைக்கே ஆள் வர்ற திட்டத்துலதானே இருந்தோம்?"

"காலையில நீங்கதான் மாத்தச் சொல்லி சம்மதம் குடுத்திருக்கீங்க மேடம். அந்த மென்பொருளுக்கும் சம்மதம் குடுத்திருக்கீங்க."

"நானா? யார்கிட்ட?"

"பதிவு இருக்கு மேடம். போடறேன் கேளுங்க."

போட்டான். அந்தப் பெண் பேசுகிறது. நடுவில் எங்கள் அக்காவின் குரல், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தோடு. சரி. சரி... சொல்லுங்க. சரி, சரி.

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரலைத் தானே அவள் அப்படிக் கேட்டதில்லை.

"தம்பி, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டேன்னு சொல்லலை. 'சொல்லுங்க'ன்னும் சொல்லியிருக்கேன், கேட்டியா? ஒத்துக்கிட்டவ எதுக்கு மேல சொல்லச் சொல்லப் போறா?"

"சிஸ்டத்துல 'சரி'ன்னா சம்மதம்தான் மேடம்."

"உங்க வீட்டுல எப்படிப்பா? உங்கம்மா போன்ல பேசினா நீ என்ன சொல்லுவ?"

பையன் கொஞ்சம் தயங்கினான். அவனுக்கும் அம்மா இருப்பாள் போல. "மேடம், எனக்குப் புரியுது. ஆனா என்னால ஒண்ணும் மாத்த முடியாது. வேற ஏதாவது உதவி வேணுமா?"

முதல் உதவியையே செய்யாதவன் வேறு உதவி கேட்கிறான்! எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் அவன் வைத்துவிட்டான். உடனே ஒரு செய்தி வந்தது, இன்றைய சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று.

அண்ணனுக்குக் கம்பெனி மேல் இருந்த கோபம் பக்கத்தில் இருந்தவள் மேல் பாய்ந்தது. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், எல்லாத்துக்கும் மண்டையை மண்டையை ஆட்டாதேன்னு! வாயைத் திறந்தா சரி, சரி, சரி. இப்போ பாரு. அந்த நர்ஸம்மா வேற ஆளைப் பாத்துக்கும். நாம இஸ்திரிப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழ வேண்டியதுதான்."

 அக்காவுக்கு அதற்கும் ஒரு சரி போட வாய் வந்து, பாதியில் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கு அண்ணன் மேலும் எரிச்சல் வந்தது. இருபது வருஷமாக அந்தச் சரியில்தானே குளிர் காய்ந்தார்? ஓட்டல் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றபோது, "சரி விடுங்க, பாத்துக்கலாம்" என்றவள்தானே இவள்?

மத்தியானம் ஷிப்ட் முடிந்து நாத்தனார் வந்தாள். நான்தான் நடந்ததைச் சொன்னேன். கைப்பையைத் தூக்கி இஸ்திரி மேசையில் எறிந்தாள்.

"என்ன அநியாயம்ணே இது? கேள்வி கேக்கறவளும் அவங்க ஆளு, பதிலைப் பதிவு பண்றவனும் அவங்க ஆளு, அதுக்கு அர்த்தம் சொல்றவனும் அவங்க ஆளா? நீ எதுக்கு அண்ணியைத் திட்டறே? மிஷினைக் கும்பிட்டவன்தானே நீ?"

"ஏய், நீ சும்மா இரு."

"எப்படிச் சும்மா இருப்பேன்? நாளைக்கு மேசையில படுக்கப் போற ரெண்டு பிள்ளைங்களையும் எனக்குத் தெரியும். ஒண்ணுக்குத் தலைப்பிரசவம். கீழ விரிக்கத் துணி இல்லை, மிஷின் வாயைப் பூட்டிக்கிச்சுன்னு நான் போய்ச் சொல்லவா? உங்களுக்காக வாய் விட்டது நான். மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்கறது?"

அக்கா மறுபடியும் போனை எடுத்தாள். "மேலதிகாரி வேணும்" என்று மட்டும் சொன்னாள். எத்தனை பேர் மாற்றிவிட்டாலும் அதையே சொன்னாள். மணி இரண்டரை ஆகும்போது ஒரு கனமான குரல் வந்தது. மேற்பார்வை அதிகாரியாம். பின்னணியில் தட்டச்சுச் சத்தம். வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டே பேசுகிறார் என்பது நன்றாகத் தெரிந்தது.

போனை இஸ்திரி மேசையில் வைத்து, நாலு பேரும் சுற்றி நின்றோம். அக்கா ஆதியிலிருந்து சொன்னாள். துணி ஊறப்போட்டது, கறை எடுத்தது, போன் வந்தது, மிஷின் நின்றது. அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"சரிங்க மேடம்... சரி... சரி, சரி..."

அக்கா சட்டென்று நிறுத்தினாள். எங்களை ஒரு பார்வை பார்த்தாள். நாத்தனாருக்குத்தான் முதலில் விளங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க மேடம், கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"சார், இந்த போன் பதிவாகுதுங்களா?"

"எல்லா அழைப்பும் பதிவாகும் மேடம்."

"நல்லதுங்க. துணி உள்ள நாறிக்கிட்டு இருக்கு சார். இப்போ நாங்க கதவை உடைச்சு எடுக்கப் போறோம்."

"சரி..." தட்டச்சுச் சத்தம் நிற்கவில்லை.

"உடைஞ்ச கதவுக்கு நீங்க புதுக் கதவு போட்டுத் தர்றீங்க."

"சரிங்க... சொல்லுங்க..."

"உத்தரவாதம் அப்படியே இருக்கும்."

"ம், சரி."

"எங்களைப் பழைய திட்டத்துக்கே மாத்திடறீங்க."

"சரி, சரி மேடம். முழுசாச் சொல்லி முடிங்க."

"முடிஞ்சுதுங்க. நாலுக்கும் நீங்க சம்மதம் குடுத்துட்டீங்க. ரொம்ப நன்றி."

தட்டச்சு நின்றது. "என்னது? நான் எப்போ மேடம் சம்மதம் குடுத்தேன்?"

"நாலு தடவை சரின்னீங்க சார். அஞ்சாவதும் ஒண்ணு இருக்கும். பதிவைப் போட்டுக் கேளுங்க."

"மேடம், நீங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்கறதுக்காகச் சரின்னேன்! அதைப் போய் எப்படி மேடம் சம்மதம்னு எடுத்துக்க முடியும்?"

 அக்காவின் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் ஆடவில்லை.

"அதைத்தான் சார் நான் காலையிலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்."

 அப்புறம், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம்" என்றார். டிங் டிங் ஆரம்பித்தது.

அக்கா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "உடைங்க."

 அண்ணன் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனார். முதல் அடி அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் மேலேயே விழுந்தது. மூன்றாவது அடியில் தாழ்ப்பாள் தெறித்தது. கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. போனில் அந்த டிங் டிங் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை.

"கொதிக்க வைக்கணுமே, மிஷின் இல்லையே?" என்றேன்.

"பாய்லர் பாத்தவன்கிட்ட வந்து கேக்கறான் பாரு" என்றார் அண்ணன். காலையிலிருந்து அப்போதுதான் அவர் குரல் பழைய குரலாக இருந்தது. பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கினார். பின்கட்டில் பெரிய அடுப்பை மூட்டினார். நாத்தனார் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "கொதிக்குதா? நல்லாக் கொதிக்கட்டும். இங்க வந்தப்புறம் எப்படியும் ஆவியில வைப்போம். ஆறு மணிங்கறது ஆறு மணிதான்" என்று பதில் வந்தது.

கொதித்து எடுத்த துணியை இரண்டு தண்ணீரில் அலசினாள் அக்கா. பிழிவதற்கு ஆள் வேண்டும். ஒரு முனையை நாத்தனார் பிடித்தாள், மறு முனையை நான். ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டே போனால் நடுவில் துணி கயிறு மாதிரி திரண்டு தண்ணீரைக் கக்கும். பத்துத் துணிக்குள் என் உள்ளங்கை கழன்றுவிட்டது. "ஜெராக்ஸ்காரர் கை, காகிதம் மாதிரி இருக்கு" என்றாள் நாத்தனார். என் கடை திறந்தபடியே கிடந்தது. கிடக்கட்டும். மாடிக் கொடியில் மேற்கு வெயில் நேராக அடித்தது. முக்கால்வாசி காய்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து அண்ணன் இஸ்திரியால் ஈரத்தை ஓட்டினார், பெட்டியிலிருந்து புஸ் புஸ் என்று ஆவி கிளம்பியது. ஆறு மணிக்கு வண்டி வந்து ஹாரன் அடித்தபோது கடைசித் துணி மடிப்பில் இருந்தது. முப்பத்தாறும் போயின.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் போன் பண்ணினாள். இரண்டும் நல்லபடியாக முடிந்தனவாம். தலைப்பிரசவத்துக்குப் பெண் குழந்தை.

கம்பெனியிலிருந்து ஆள் வந்தது பதினோராம் நாள். புதுக் கதவும் கையில் ஒரு காகிதமும். கதவைப் பொருத்திவிட்டுக் காகிதத்தை நீட்டினான். அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் சத்தமாகப் படித்தேன். 'வாடிக்கையாளரின் தவறான புரிதலால் நேர்ந்த சேதம் எனினும், நல்லெண்ண அடிப்படையில் கதவு மாற்றித் தரப்படுகிறது. பழைய பராமரிப்புத் திட்டமும் தொடரும்.' நல்லெண்ணமாம்! படிக்கும்போதே எனக்கு நாக்கு கூசியது.

அக்கா என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, 'தவறான புரிதலால்' என்கிற இடத்தை நன்றாக அழுத்தி அடித்தாள்.

"அம்மா, அதுல அடிக்கக் கூடாதும்மா. அப்படியேதான் கையெழுத்துப் போடணும்" என்றான் அவன்.

"கேக்குது" என்றாள் அக்கா. இன்னொரு கோடு போட்டாள். அப்புறம் கீழே கையெழுத்துப் போட்டு, எனக்கு ஒரு நகல் எடுக்கச் சொன்னாள். என் பிரிண்டர் அன்றைக்கு அசல், போலி என்று தகராறு பண்ணாமல் எடுத்துக் கொடுத்தது. அதற்கும் பயம் வந்திருக்கும்.

அன்றிலிருந்து அக்கா சரி சொல்வதில்லை. போனில் மட்டும்தான் நிறுத்தியிருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, கடைக்கு வருகிறவர்களிடமும் நிறுத்திவிட்டாள். "அக்கா, காலர்ல கறை..." "கேக்குது." "நாளைக்கே வேணும்..." "கேக்குது." வருகிறவர்கள் திகைத்துப்போகிறார்கள். என்னிடம் வந்து, அக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள். அந்தச் சரியில் ஓர் இதம் இருந்தது. மனசு விட்டுப் பேச வருகிறவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கும். கறை போகாவிட்டாலும் திருப்தியாகத் திரும்பிப் போவோம். அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பதிவில் போட்டுப் பூட்டிவிட்டார்கள், பாவிகள். கதவுக்குப் பதில் கதவு கொடுத்தான். இதற்குப் பதில் எதைக் கொடுப்பான்?

போன வாரம் நான் அங்கே இருந்தபோது, இஸ்திரி போட்டுக்கொண்டே அண்ணன் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, கொஞ்சம் டீ போடறியா?"

"கேக்குது."

அவர் பெட்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தமோ அடுப்புச் சத்தமோ வரவில்லை, துணி தேய்க்கும் சத்தம்தான் வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, உள்ளே போய் அவரே பாத்திரத்தை எடுத்தார்.

"உனக்கும் சேத்துப் போடட்டுமா?" என்று கேட்டார்.

அக்கா துணி தேய்க்கும் சத்தம் நின்றது.

"சரி" என்றாள்.